உழவு இயந்திரத்தின் றேடியேற்றரைக் கழுவுதல்

காலபோக உழவு தொடங்குமுன் கமக்காரர் கலப்பையையும் சில்லுகளையும் பார்ப்பர். றேடியேற்றரின் உட்புறத்தைப் பார்ப்போர் சிலரே. எஞ்சின் அளவு கடந்து சூடேறின் சிலிண்டரின் தலை வளையும். அதன்கீழுள்ள கஸ்கெற் பழுதாகும். அத்திருத்தச் செலவு ஒரு போகத்தின் வருவாயையே விழுங்கிவிடக்கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையின்மீது அமைந்தது. அங்குள்ள கிணற்று நீரிற் கரைந்திருக்கும் கல்சியமிருகாபனேற்று, நீர் சூடேறும்போது கல்சியங் காபனேற்றாக மாறிப் படிகின்றது. கேத்திலின் அடியிற் காணும் வெண்பொருக்கு இதுவே. இப்பொருக்கு றேடியேற்றரின் நுண்குழாய்களிற் படிந்தால் வெப்பம் வெளியேறாது. ஆதலின் இயந்திரத்துக்கு மழைநீரே சிறந்தது. அது கிடையாவிடத்துக் கிணற்று நீரை நன்கு கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்தபின் மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். உவர்நீரை எக்காரணங்கொண்டும் ஊற்றலாகாது.

கழுவும் வேலையைக் காலையில், இயந்திரம் இரவு முழுவதும் ஆறியிருந்தபின் தொடங்குதல் நன்று. சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறவாதீர். உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 பாகை சதமளவைக்கு மேலும் நீர் கொதியாதிருக்கும். மூடி திறந்தவுடன் அது பொங்கி முகத்திலும் கையிலும் பாயும். அவசரப்பட்டு வெந்துகொண்டோர் பலர்.

மூடியைத் திறந்தபின், றேடியேற்றரின் அடியிலும் எஞ்சின் உடலிலும் உள்ள வடிப்புத் திருகுகளைக் கழற்றி நீரை ஒரு தட்டத்தில் ஏந்துக. வடிந்த நீரை உற்றுநோக்குதல் வேண்டும். செந்நிறமாயின் துருவேறியுள்ளது, எண்ணெய் மிதப்பின் கஸ்கெற் பழுதாகியிருக்கலாம். எண்ணெய் கண்டால் கழுவுதலை நிறுத்தி இயந்திர வல்லுநரிடம் காட்டுக.

பின்னர்த் திருகுகளை மூடி, நன்னீர் நிரப்பி, மூடியையும் இட்டு எஞ்சினை இயக்குக. மேற்குழாய் சூடேறினால் தேமோஸ்ராற் திறந்துவிட்டது என அறியலாம். அதன்பின் 10 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, முற்றாக ஆறியபின் வடிக்குக. தெளிந்த நீர் வரும்வரை இவ்வாறு செய்க. பொறுமையற்றுச் சூடான எஞ்சினிற் குளிர்நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும். பொருக்கு மிகுதியாயின் அதற்கென விற்கப்படும் மருந்தை அதன் உறையிற் கண்ட அளவின்படி சேர்க்கலாம். சலவைச் சோடா பழைய பித்தளை றேடியேற்றருக்கு ஏற்குமாயினும் அலுமினியத்தை அரித்துவிடும்.

வெளிப்புறத்தையும் மறத்தலாகாது. சூடடிப்பின்போது தகடுகளுக்கிடையிற் புகுந்த பதரையும் வைக்கோற்றூளையும் விசிறியின் பக்கமிருந்து வெளிநோக்கி மெல்ல நீர் பாய்ச்சி அகற்றுக. றப்பர்க் குழாய்கள் வெடித்திருப்பினும் அழுத்தும்போது நொய்ந்திருப்பினும் மாற்றிவிடுக.

நம் நாட்டு வயல்களில் நீர் உறைவதில்லையாயினும், துருவைத் தடுப்பதற்காகக் குளிரூட்டித் திரவம் சேர்த்தல் நன்று. செறிவான திரவமாயின் பெரும்பாலும் மழைநீருடன் சரிபாதியாகக் கலக்கப்படும். மெதுவாக ஊற்றி, மூடி திறந்திருக்க எஞ்சினைச் சற்று இயக்கினால் உள்ளிருக்கும் காற்று குமிழிகளாக வெளியேறும். நீர்மட்டம் தாழ்ந்தவிடத்து மேலும் ஊற்றி மூடுக.

வடித்த பழைய திரவம் இனிப்புச் சுவையுடையது; நாயும் ஆடும் மாடும் அதனைக் குடித்து இறக்கக்கூடும். பிள்ளைகளும் தொடாதவாறு அதனை உடனே மூடியுள்ள கலத்தில் ஊற்றிப் பூட்டிவைத்து, பழைய எண்ணெய் ஏற்கும் வாகனத் திருத்தகத்தில் கேட்டு ஒப்படைக்குக. கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்.

முதல்நாள் உழவு முடிந்து எஞ்சின் ஆறியபின் நீர்மட்டத்தை மீண்டுமொருமுறை பார்த்துக்கொள்க.