ஹால் பெரிசாச்சு, சத்தம் எங்க போச்சு?

காஞ்சிபுரத்துல பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்து போயிருந்தீங்கன்னா தெரியும். அங்க பல வீட்டுல முன்கூடம்தான் தறிக்கூடம். நீளமா, குறுகலா, தெருக்கதவுல நின்னா கொல்லைக்கதவு தெரியுற மாதிரி வீடு. இப்போ ஒவ்வொரு வீடா தறி இறங்கிட்டு வருது. பசங்க ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு கம்பெனி பஸ் ஏறிட்டாங்க. தறிய வித்துட்டு, குழிய மூடி, டைல்ஸ் போட்டா ஒரு பெரிய ஹால் கிடைக்குது. அதுக்கப்புறம் உள் ரூம்ல இருந்த டிவியும் ஸ்பீக்கரும் ஹாலுக்கு வந்துடும்.

என் ஃப்ரெண்டு ஒருத்தன் வீட்டுலயும் இதேதான். பத்துக்குப் பத்து ரூம்ல கணீர்னு பாடிட்டு இருந்த 4 இன்ச் வூஃபர் போட்ட சின்ன ஸ்பீக்கர் ஜோடி, 25 அடிக்கு 12 அடி ஹாலுக்கு வந்ததும் சோர்ந்து போச்சு. பேஸ் காணோம். வால்யூம் ஏத்தினா சத்தம் கூடுது, ஆனா பாட்டோட வார்த்தை புரியல. அவங்க தாத்தா நாள் முழுக்க தறியில உட்கார்ந்து பாட்டு கேட்டே பழகினவர். இப்போ கேக்குறதையே விட்டுட்டார். தறி வித்த பணத்துல 40,000 ரூபாய் எடுத்து ஆளுயர டவர் ஸ்பீக்கர் வாங்கிடலாம்னு அவன் சித்தப்பா கிளம்பிட்டார். அந்தக் காசுக்கு எத்தனை வருஷத்து உழைப்புன்னு யோசிச்சா, ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போட்டுப் பாக்குறதுல தப்பே இல்ல. வாங்க, சேர்ந்தே போடுவோம்.

முதல்ல பேஸ். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ரூம எடுத்துக்கோங்க. எதிரெதிர் சுவருக்கு நடுவுல ஒலி அலை போய்ப் போய்த் திரும்பும். அலைநீளத்துல பாதி, சுவர் இடைவெளிக்குச் சமமா வந்தா அந்த அதிர்வெண் தேங்கி நின்னு வீங்கும். ஒலியோட வேகம் வினாடிக்கு 343 மீட்டர். 10 அடின்னா 3.05 மீட்டர். 343-ஐ அதோட இரண்டு மடங்கால வகுத்தா 56 ஹெர்ட்ஸ். மூணு பக்கமும் ஒரே அளவுங்கறதால மூணும் அதே 56-ல வந்து குவியுது. அந்த ரூம்ல ‘செம்ம பேஸ்டா’ன்னு இத்தனை நாள் கேட்டதுல பெரும்பங்கு ஸ்பீக்கர் குடுத்தது இல்ல, ரூம் குடுத்தது. ஹாலுக்கு வந்ததும் உயரத்துக்கு மட்டும் அதே 56 நிக்குது. அகலத்துக்கு 47, நீளத்துக்கு 22.5 ஹெர்ட்ஸ்னு மத்தது கலைஞ்சு போச்சு. உண்மையில பெரிய ஹால்தான் நேர்மையான ரூம். சின்ன ஸ்பீக்கரோட பலவீனத்த அது மறைக்கல, அவ்வளவுதான்.

அடுத்தது தூரம். முன்னாடி 6 அடியில உட்கார்ந்து கேட்டாங்க, இப்போ 12 அடி. திறந்த வெளியில தூரம் இரண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள்ள சுவர் கொஞ்சத்த திருப்பிக் குடுக்கும், அதனால அவ்வளவு குறையாது. ஆனா நேரா காதுக்கு வர்ற ஒலி குறையுறது குறையுறதுதான். அந்த 6 டெசிபல ஆம்ப்ளிஃபயர வச்சே மீட்கணும்னா, 3 டெசிபலுக்கு ஒரு தரம் வாட்ஸ இரட்டிப்பாக்கணும். 25 வாட்ஸ் எடுத்த இடத்துல 100 வேணும். சின்ன ஸ்பீக்கருக்கு அத குடுத்தா அதோட காயில்தான் சூடாகும்.

இதுக்கு இன்னொரு வழி சென்சிட்டிவிட்டி. ஸ்பெசிஃபிகேஷன் ஷீட்ல வாட்ஸ்க்குப் பக்கத்துலயே சின்ன எழுத்துல போட்டிருப்பான், யாரும் பாக்குறதில்ல. ஒரு வாட் குடுத்து ஒரு மீட்டர்ல நின்னா எத்தனை டெசிபல் வருதுங்கறதுதான் அது. 84 போட்ட ஸ்பீக்கருக்கு பதில் 90 போட்டத வாங்கினா, ஆம்ப மாத்தாமலே அந்த 6 டெசிபல் கைக்கு வந்துடும். கோயில் திருவிழாவுல கட்டுற கூம்பு ஸ்பீக்கருக்கு இந்த எண் 100-ஐத் தாண்டும். அதனாலதான் அத்தனை சின்ன ஆம்ப வச்சு ஊரையே எழுப்ப முடியுது. (அத வீட்டுல மாட்டச் சொல்லல. ஐடியா வேண்டாம்.)

வூஃபர் சைஸும் கணக்குதான். ஒரு ஆக்டேவ் கீழ இறங்கி, அதாவது 80-லருந்து 40 ஹெர்ட்ஸுக்கு, அதே சத்தம் வேணும்னா நாலு மடங்கு காத்த தள்ளணும். 4 இன்ச்சுக்கு பதில் 8 இன்ச் வூஃபர்னா விட்டம் இரண்டு மடங்கு, பரப்பு நாலு மடங்கு. முன்னும் பின்னும் அதே அளவு அசைஞ்சாலே போதும், சரியா போச்சு. பெரிய ஹாலுக்குப் பெரிய வூஃபர்னு கடைக்காரர் சொல்றது விக்குறதுக்காக மட்டும் இல்ல, அதுல நியாயமும் இருக்கு.

ஆனா தாத்தா பேஸ் கேக்கல. அவருக்கு வார்த்தை புரியணும். அதுக்கு டவர் ஸ்பீக்கர் மட்டும் உதவாது. ஏன்னு பாப்போம்.

1895-ல ஹார்வர்டுல ஃபாக் மியூசியம்னு புதுசா கட்டின கட்டடத்தோட லெக்சர் ஹால்ல யார் பேசினாலும் புரியல. வாலஸ் சபைன்னு ஒரு இளம் பிசிக்ஸ் வாத்தியார்கிட்ட அத ஒப்படைச்சாங்க. ஹால்ல ஒலி அடங்க 5.5 வினாடி ஆச்சு. ஒரு வார்த்தை அடங்குறதுக்குள்ள பத்து வார்த்தை வந்துடும். அவர் ராத்திரி ராத்திரியா பக்கத்துல இருந்த சாண்டர்ஸ் தியேட்டர்லருந்து சீட் குஷனத் தூக்கிட்டு வந்து அடுக்கி, ஆர்கன் பைப்ப ஊதி, ஸ்டாப் வாட்ச்ல அளந்தார். நாம எல்லாரும் இன்னிக்கு பயன்படுத்துற சூத்திரம் அப்படித்தான் வந்துச்சு. எதிரொலி நேரம் = 0.161 × அறையோட கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். 1900-ல திறந்த பாஸ்டன் சிம்பனி ஹால் இவர் கணக்குல கட்டினதுதான்.

நம்ம ஹால இதுல போடுங்க. 25 × 12 × 10 அடின்னா 85 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து சுமார் 125 சதுர மீட்டர். சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் மேல விழுற ஒலியில 100-க்கு 3 பங்குதான் உறிஞ்சும்னு வச்சுக்குவோம். விடை மூணரை வினாடிக்கு மேல! காலி ஹாலுக்கான கணக்கு இது, சாமான் வந்தா குறையும். ஆனா வீட்டுல பாட்டு கேக்க அரை வினாடி பக்கத்துல இருந்தா நல்லது. தறி இருந்தப்போ அந்த மரச்சட்டம், மேல ஜக்கார்டு பொட்டி, நூல், துணி எல்லாம் சேர்ந்து ஒலிய சிதறடிச்சும் உறிஞ்சியும் வச்சிருந்துச்சு. இப்போ நடு ஹால்ல நின்னு ஒரு கை தட்டிப் பாருங்க. டிர்ர்ர்னு ஒரு இழுவை கேக்கும். 12 அடி இடைவெளியில ஒலி வினாடிக்கு 47 தடவை போய்த் திரும்புது.

சபைன் உறிஞ்சலுக்கு வச்ச அலகு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: திறந்த ஜன்னல். வெளிய போன ஒலி திரும்பி வராதுல்ல, அதனால அது நூத்துக்கு நூறு. வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துல எத்தனை கல் இருந்தாலும், பக்கவாட்டுல திறந்து கிடக்கறதால ஒலி ஓடிடுது. நம்ம ஹாலுக்கும் தெருக்கதவையும் கொல்லைக்கதவையும் திறந்து வச்சா செலவில்லாம கொஞ்சம் தேறும்.

மிச்சத்த வாங்கணும். ஃப்ரெண்டு வீட்டுல செஞ்சது இது: ஸ்பீக்கருக்கு முன்னால தரையில கனமான ஜமக்காளம், பக்கச் சுவர்ல மடிப்பு மடிப்பா கனத்த திரை, பின்சுவர்ல பஞ்சு மெத்தைய துணி சுத்தி நிமிர்த்தினது, திறந்த அலமாரி ஒண்ணு. தாத்தா நாற்காலிய 12 அடியிலருந்து 8 அடிக்கு இழுத்தாச்சு. ஊஞ்சல்ல உட்கார்ந்து கேக்குறேன்னார், ஸ்டீரியோ இமேஜ் ஊஞ்சலோட சேர்ந்து ஆடும்னு சொல்லி சமாளிச்சோம். ட்வீட்டர் அவர் காது உயரத்துக்கு வர்ற மாதிரி ஸ்டாண்டு. இதுக்கெல்லாம் 9,000 ரூபாய் ஆச்சு. பழைய ஸ்பீக்கர்லயே வார்த்தை புரிய ஆரம்பிச்சுச்சு.

அதுக்கப்புறம்தான் கடைக்குப் போனாங்க. டவர் வாங்கல. 6.5 இன்ச் வூஃபர், 89 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள புக்ஷெல்ஃப் ஜோடி. கடையோட டெமோ ரூம்ல கார்ப்பெட்டும் சோஃபாவும் நிறைஞ்சிருக்கும், அங்க எல்லாமே நல்லா இருக்கும். அதனால நீங்க வாங்குறப்போ ஒரு நாள் வீட்டுல வச்சுப் பாக்க விடுவாங்களான்னு கட்டாயம் கேளுங்க. டெஸ்டுக்கு இங்கிலீஷ் டெமோ டிராக் வேண்டாம், மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் எல்லாம் இருக்குற ஒரு கச்சேரி போடுங்க. இப்படி பக்கவாத்தியத்த வரிசையா உட்கார வச்சு ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி பண்ணுறதுக்குப் பேர் போனவரே நம்ம ஊர் நயினாப் பிள்ளைதான். தொப்பியோட கும்காரமும் கஞ்சிராவும் ஒண்ணோட ஒண்ணு குழம்பாம பிரிஞ்சு கேட்டா அந்த ஸ்பீக்கர் தேறும்.

மிச்சக் காசுல பின்னாடி ஒரு சப்வூஃபர் வாங்குற பிளான் இருக்கு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ மட்டும் அது பாத்துக்கும். எங்க வைக்கிறதுன்னு தெரிய, சப்ப நீங்க உட்கார்ற நாற்காலியில வச்சுட்டு, நீங்க தரையில தவழ்ந்து போய் எங்க பேஸ் சீரா கேக்குதுன்னு தேடணும். பாக்க காமெடியா இருக்கும், வேலை செய்யும். ஒரே ஒரு கண்டிஷன்: அடுத்த வீட்டோட பொதுச் சுவர்ல ஒட்டி வைக்கக் கூடாது. திரையும் ஜமக்காளமும் 40 ஹெர்ட்ஸத் தடுக்காது, சுவரே பெருசா தடுக்காது. அந்தப் பக்கம் இன்னும் தறி ஓடுது, விடியக்காலைல எழுந்திரிக்கிற ஆளுங்க.