படிக்கட்டுக்குக் கீழே

எங்கள் சபைக்கு 4 வயது. கிள்ளானில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடிதான் ஆலயம். கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை, அதை ஒட்டி ஓர் அம்மா நடத்தும் சாப்பாட்டுக்கடை. ஞாயிறுதோறும் நாற்பது பேர் கூடுவோம். பெரும்பாலோர் என்னைப்போல வேறு தாமான்களிலிருந்து காரில் வந்து, ஆராதனை முடிந்ததும் காரிலேயே போய்விடுகிறவர்கள்.

முதல் வருடமே அக்கம்பக்கத்தாரிடம் போக வேண்டும் என்று புறப்பட்டோம். எதிரே உள்ள அடுக்குமாடியில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அழைப்பிதழ் கொடுத்தோம். கிறிஸ்துமஸ் விருந்துக்கு நூறு பேருக்குச் சமைத்தோம். வந்தவர்கள் ஆறு பேர். மிஞ்சிய பிரியாணியை மூன்று நாள் நாங்களே சாப்பிட்டோம்.

ஏன் வரவில்லை என்பதைச் சாப்பாட்டுக்கடை அம்மா சொன்னார். "தம்பி, உங்க ஆளுங்க காடிய என் கடை முன்னாடியே நிறுத்துறாங்க. ஞாயித்துக்கிழமதான் எனக்கு யாவாரம். ஒரு நாளாச்சும் இங்க உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிருக்கீங்களா?"

குடித்ததில்லை. இரண்டு மாடி ஏறும்போது அவர் கடையைத் தாண்டித்தான் போவோம், பெயர்கூடக் கேட்டதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து கார்களைப் பின்தெருவில் நிறுத்தினோம். ஆராதனை முடிந்து அவர் கடையில் பசியாறினோம். தோசை நன்றாகவே இருந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் பேரனைப் பற்றிச் சொன்னார். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். அங்கே எல்லாப் பாடமும் மலாயில். வகுப்பில் வாய் திறப்பதில்லையாம். பள்ளிக்குப் போக மாட்டேன் என்று காலையில் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறானாம்.

எங்களில் இரண்டு பேர் ஆசிரியர்கள். நான் கணக்காய்வு வேலையில் இருக்கிறேன். புதன், வெள்ளி மாலைகளில் இலவச வகுப்பு நடத்தலாம் என்றோம். அந்த அம்மா உடனே சம்மதிக்கவில்லை. "படிப்பு சொல்லிக் குடுங்க. சாமிய மாத்திடாதீங்க" என்றார் நேராக.

சபையில் பெரிய விவாதம் எழுந்தது. ஆரம்பத்தில் ஒரு சின்ன ஜெபமாவது வேண்டாமா என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றவர்களில் நானும் ஒருவன். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் முடிவு செய்ய வேண்டும் என்று நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆவது பிரிவே சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கொடுத்த வாக்கு என்று ஒன்று உண்டல்லவா? போதகரும் அதையே சொன்னார். ஒரு குடும்பம் மனவருத்தத்தோடு விலகிப்போனது. அது இன்னும் எனக்கு உறுத்தல்தான். அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

கடைவீட்டில் பாடம் நடத்துவது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. பெங்களூரில் பிறந்த மெதடிஸ்ட் போதகர் வில்லியம் ஓல்டம் 1886இல் சிங்கப்பூர் அமோய் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் 13 மாணவர்களோடுதான் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார். எங்களுக்கு வந்தவர்கள் ஐந்து பேர். மலாய்க் கட்டுரை, கணிதம், கொஞ்சம் அறிவியல். ஜெபம் கிடையாது, பிரசுரம் கிடையாது. சுவரில் இருந்த வசனப் படத்தைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டதற்கு, "அது உங்க வீடு, இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

இப்போது பதினேழு பிள்ளைகள். ஞாயிறு ஆராதனையில் இன்னும் அதே நாற்பது பேர்தான், சரியாகச் சொன்னால் விலகிய குடும்பம் போக முப்பத்தாறு. 'அப்படியானால் என்ன பலன்?' என்று ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்தப் பேரன் இப்போது படிவம் மூன்று, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவன்தான் மலாய்ச் சொற்களை விளக்குகிறான் என்று சொன்னேன். கேட்டவருக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

போன தீபாவளிக்கு முதல் நாள் அந்த அம்மா முறுக்கு டப்பாவோடு இரண்டு மாடி ஏறி வந்தார். முட்டிவலிக்காரர். மூச்சு வாங்கியபடி டப்பாவை நீட்டிவிட்டு, மேடைப் பக்கம் கைகாட்டினார்.

"தம்பி, பிள்ளைங்களுக்கு சோதனை வருது. அந்த டிரம்ஸ கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்க."