கொள்ளிடக் கரையில் கார் ஓட்டுறீங்களா? கருவேல முள் உஷார்!
திருச்சி:
ஸ்ரீரங்கம் கொள்ளிடக் கரை மண்பாதையில் போகும் வாடகை கார் டிரைவர்களுக்கு சீமை கருவேல முள் பெரிய தலைவலி. அன்னிய செடிகளை ஒழிக்க 2022-ல் தமிழக அரசு கொள்கை வகுத்தும் முள் ஒழிந்தபாடில்லை. ஒரு உரசலுக்கு ஆகும் டச்சிங் செலவே அன்றைய வாடகையை விழுங்கிடும்.

பெயிண்டுக்கு மேலே இருக்கும் 'கிளியர் கோட்' தலைமுடியை விட மெல்லிசு. கோடு விழுந்தா நகத்தை ஓட்டிப் பாருங்க. சிக்கலேன்னா பாலிஷ் போதும். சிக்கினா டச்சிங்தான். தகரம் தெரிஞ்சா உடனே பெயிண்ட் வைங்க, விட்டா துரு ஏறிடும்.

முன்கூட்டியே மெழுகு பாலிஷ் போட்டா லேசான உரசல் தெரியாது. கிளை குறுக்கே நின்றால் இறங்கி ஒதுக்கிட்டுப் போங்க. திரும்பி வந்ததும் காய்ந்த துணியால் துடைக்காதீங்க. ஆற்று மணல் உப்புத்தாள் மாதிரி தேய்ச்சிடும். முதல்ல தண்ணீர் ஊத்துங்க!