பூட்டிய கதவும் ஓயாத ஐயமும்

"நான்கு முறை இழுத்துப் பார்த்தாயிற்று, ஐந்தாம் முறை எதற்கு?" எண்ணச் சுழற்சி நோயால் வருந்துவோரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கதவு பூட்டியிருப்பது நோயாளிக்கும் தெரியும். தெரிந்த பின்னரும் உள்ளம் அமைதியுறாததே அவரது துன்பம்.

இதற்கான விடையின் ஒரு பகுதி, மூளை தன் தவற்றை உணரும் விதத்தில் இருக்கிறது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, விரைந்து பொத்தானை அழுத்தும் எளிய பணியைக் கொடுத்தால், எவரும் சில வேளைகளில் தவறாக அழுத்துவர். அழுத்திய நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள், பிறர் சுட்டிக்காட்டும் முன்பே, மூளையில் ஒரு மின் அலை எழுகிறது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் இதனை விவரித்தனர். அது நம் அனைவருக்கும் உள்ள காவல்மணி. அது இன்றேல் தவற்றைத் திருத்திக்கொள்வது அரிது.

எண்ணச் சுழற்சி நோயுள்ளோரிடம் இம்மணி உரக்க ஒலிப்பதை 2000ஆம் ஆண்டில் வில்லியம் கெரிங் குழுவினர் காட்டினர். மிகுந்த பதற்றம் உடையோரிடமும் பின்னர் இவ்வாறே காணப்பட்டது. மனச்சிதைவு நோயிலோ அது மங்கிவிடுகிறது.

அப்படியாயின் இதனை அளந்தே நோயை உறுதிசெய்யலாமே என்று சிலர் கேட்கின்றனர். இயலாது. நோயற்ற உடன்பிறந்தாரிடமும் இந்த அலை வலுத்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. மருத்துவர் பொறுமையுடன் அமர்ந்து கேட்டறிவதே இன்றும் வழி.

எங்களுக்கு நம்பிக்கை தருவது மற்றொரு செய்தி. சிறுவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், சிகிச்சையால் நோய்க்குறிகள் தணிந்த பின்னரும் அலை தணியவில்லை. மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடாமல் இருக்க மனிதரால் பழக முடிகிறது என்றே இதனை நாங்கள் புரிந்துகொள்கிறோம். நடத்தைச் சிகிச்சையில் நாங்கள் அளிக்கும் பயிற்சியும் அதுவே.

வீட்டில் இருப்போருக்கு இது எளிதன்று. "பூட்டியாயிற்று" என்று ஒவ்வொரு முறையும் உறுதி கூறுவது அன்பினால்தான். ஆயினும் அந்த ஆறுதல் சில நிமிடங்களே நிற்கும், ஐயமோ மேலும் வேரூன்றும். கடிந்துகொள்வதும் உதவாது. "உனக்குக் கஷ்டமாக இருப்பது தெரிகிறது. இந்தத் தடவை பதில் சொல்லமாட்டேன், கூடவே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் அதனை நோயாளியுடனும் மருத்துவருடனும் முன்னரே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். திடீரென மறுத்தால் அவருக்குக் கைவிடப்பட்டதாகத் தோன்றும்.

மருந்து உட்கொள்வோருக்கு அதன் பயன் நன்கு புலப்பட 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். பலனில்லை என்று கருதி, அதற்குள் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம்.