ஜெர்மன் மூளை, ரஷிய விமானம்: பெங்களூர் கற்ற பாடம்

பெங்களூர்: 1941 ஜூன் 22-ம் தேதி சோவியத் நாட்டின் மீது ஜெர்மனி படையெடுத்தது. தரையில் மட்டுமன்றி, வானிலும் கடும் போர் மூண்டது. சோவியத் தரப்பில் மிகோயன், குரேவிச் ஆகியோர் உருவாக்கிய மிக்-3 விமானங்கள் களமிறங்கின. ஜெர்மனியின் பக்கம் குர்ட் டாங்க் வடிவமைத்த ஃபோக்க உல்ஃப்-190 பின்னர் வந்து சேர்ந்தது. அவ்வகையில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் தயாரிக்கப்பட்டன.

இந்த இரு மரபுகளும் பிற்காலத்தில் இந்திய விமானப் படையில் ஒன்றுசேர்ந்தன.

தோற்ற ஜெர்மனியின் வல்லுநர்களை வென்ற நாடுகள் பங்கிட்டுக் கொண்டன. ஆர்ஜென்டீனா சென்ற டாங்கை 1956-ல் நேரு அரசு அழைத்து வந்தது. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் அவர் வடிவமைத்த எச்.எஃப்-24 மாருத், 1961 ஜூன் 17-ல் முதன்முதலாகப் பறந்தது. அதை ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ்.

ஒலியைப் போல இரு மடங்கு வேகம் என்பதே இலக்கு. அதற்கேற்ற ஆர்ஃபியஸ் எஞ்சினை மேம்படுத்தும் செலவில் பங்கேற்க வேண்டுமென பிரிட்டன் கோரியது, இந்தியா இசையவில்லை. விசை குறைந்த எஞ்சினே பொருத்தப்பட்டது. இலக்கு எட்டப்படவில்லை. 1970 ஜனவரியில், விசை கூட்டப்பட்ட எஞ்சினுடன் பறந்த மாருத் பெங்களூரில் நொறுங்கி, அதே சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார்.

இதற்கிடையே 1962-ல் சோவியத் மிக்-21 தேர்வு செய்யப்பட்டது. 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் மாருத்கள் தரைப்படைக்குத் துணை நின்றன. டாக்கா ஆளுநர் மாளிகையை மிக்-21கள் தாக்கின. ஒரு காலத்தில் எதிரெதிரே நின்ற மரபுகள் ஒரே கொடியின் கீழ்ப் போரிட்டன.

ஆனால் முடிவு ஒன்றாக இல்லை. மாருத் 147 விமானங்களோடு நின்றது. மிக்-21 அறுபது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றி, 2025 செப்டம்பர் 26-ல் சண்டீகரில் விடைபெற்றது. மாருத்தில் குறைந்தது வடிவமைப்பாளரின் திறமை அன்று, சொந்த எஞ்சின்.

2001-ல் அதே பெங்களூரில் பறந்த தேஜஸும் அமெரிக்க எஞ்சினையே நம்பியிருக்கிறது. உள்நாட்டுக் காவேரி எஞ்சின் 2008-ல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. விமானப் படை 2021-ல் கேட்ட 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கான முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் வந்தது.

அயல்நாட்டு அறிவை அழைத்து வரலாம்; எஞ்சின் இரவலாக இருக்கும்வரை, எப்போது பறப்பது என்பதை அயலாரே தீர்மானிப்பர்.