கல்வெட்டுப் பதிப்பும் சூழலுக்கேற்ற கருவிப்பட்டையும்: திருவண்ணாமலைக் கல்வெட்டுகளை முன்வைத்து

முன்னுரை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் சோழர் காலம் முதல் விசயநகரக் காலம் வரையிலான கல்வெட்டுகள் உள்ளன. பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்த இவற்றின் தொகுதியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்டது. இத்தகைய பாடங்களைக் கணினியில் பதிப்பிப்போர்க்கு உரைத் திருத்தியின் கருவிப்பட்டை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாடத்தின் இயல்பு

கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படுவதில்லை. எனவே ‘பொன’ எனக் கல்லில் நிற்பது பொன, பொன், போன, போன் என்னும் நால்வகைப் படிப்புக்கும் இடந்தரும். இடையிடையே கிரந்த எழுத்துகளும் பின்னக் குறிகளும் வரும். கிரந்தம் 2014இல் ஒருங்குறி 7.0இலும், தமிழ்ப் பின்னங்கள் உள்ளிட்ட 51 குறிகள் 2019இல் ஒருங்குறி 12.0இலும் சேர்க்கப்பட்டன. இவை அனைத்தையும் ஒரே பட்டையில் நிரப்பினால், பாடத்தில் நிற்கவேண்டிய கவனம் பொத்தானைத் தேடுவதில் சிதறும்.

பட்டையின் அமைப்பு

சூழலுக்கேற்ற பட்டை, இடஞ்சுட்டி நிற்கும் பகுதிக்குரிய கருவிகளை மட்டும் காட்டுவது. மைக்ரோசாப்ட் வேர்டு 2007இல், அட்டவணைக்குள் சென்றால் மட்டும் அதற்குரிய தாவல்கள் தோன்றியமை இதற்குச் சான்று. கல்வெட்டுப் பதிப்பில் இதற்கு மூன்று நெறிகள் இன்றியமையாதன.

முதலாவது, சூழல் பொருள்வழிக் குறிக்கப்படல் வேண்டும். சிதைந்த பகுதியைச் சாய்வெழுத்தால் மட்டும் காட்டினால், அது சிதைவா, அழுத்தமா என்பதைத் திருத்தி அறியாது. எபிடாக் போன்ற குறிமுறையில் சிதைவு, ஐயப்படிப்பு, பதிப்பாளர் நிரப்பியது ஆகியன தனித்தனியே குறிக்கப்படுவதால், திருத்தி அவ்வவற்றிற்குரிய கருவிகளைத் தர இயலும்.

இரண்டாவது, எங்கும் பயன்படும் பொத்தான்கள் இடம் மாறலாகா. மாறும் கருவிகளுக்குத் தனியிடம் ஒதுக்கினால் கைப்பழக்கம் குலையாது.

மூன்றாவது, கருவி பரிந்துரைக்கலாம். தானே முடிவு செய்தல் கூடாது. ‘பொன’ என்பதற்குத் திருத்தி தானாகப் புள்ளியிட்டால், பதிப்பாளர் அறியாமலேயே ஒரு திருத்தம் மூலபாடமாகிவிடும். படிப்புகளைப் பட்டையில் காட்டித் தெரிவைப் பதிப்பாளரிடம் விடுவதும், இட்ட புள்ளியைப் பதிப்பாளரது எனப் பதிவதுமே முறை.

முடிவுரை

அழிந்த எழுத்துகளை நிரப்பும்போது சதுர அடைப்புக்குள் இடும் மரபை 1931இல் வகுக்கப்பட்ட லெய்டன் நெறிகள் நிலைப்படுத்தின. கல்லில் உள்ளதையும் பதிப்பாளர் சேர்த்ததையும் வேறுபடுத்துவதே அம்மரபின் நோக்கம். கருவிப்பட்டையும் அவ்வேறுபாட்டைக் காத்தல் வேண்டும். இல்லையேல், விரைவாகப் பதிப்பித்த பாடம் வரலாற்றுச் சான்றாகும் தகுதியை இழக்கும்.