குறைமாதச் சிசுவின் முதல் மூச்சு

தாய் வயிற்றில் வளரும் சிசுவின் நுரையீரல் கடைசி வாரங்களிலேதான் முதிர்ச்சி அடைகின்றது. அதற்கு முன்னரே பிறந்துவிட்டால், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் மெல்லிய பூச்சு போதாமையால் குழந்தை மூச்சுத் திணறும்.

நியூஜீலந்தின் ஆக்லாந்து நகரில் லிகின்ஸ் என்னும் மருத்துவர், ஆட்டின் கருவுக்கு ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தி ஆராய்ந்தார். மூச்சே விட இயலாத பருவத்தில் பிறந்த குட்டி சிறிது நேரம் மூச்சு விட்டது! பின்னர் அவரும் ஹோவியும் தாய்மாரிடம் நடத்திய சோதனை 1972-இல் வெளியாயிற்று. பிரசவத்துக்கு முன் தாய்க்கு இட்ட ஊசி, குழந்தைகளின் மூச்சுத் திணறலையும் மரணத்தையும் குறைத்தது.

ஆயினும், 1994-இல் அமெரிக்க வல்லுநர் குழு பரிந்துரைத்த பின்னரே அங்கு அது பரவலாயிற்று. மருந்தைக் கண்டால் மட்டும் போதுமா, நேயர்களே? உரிய வேளையில் அது தாயைச் சேரவேண்டும். ஆகவே, காலத்துக்கு முன்னே வலி கண்டால் தாமதியாது மருத்துவமனை செல்க.